அடியைத் தேய்க்காத செம்பு

செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யாருக்காவது கோபம் வருமா? எனக்கு வந்தது. அதுவும் கோயில் வாசலில், நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் ருத்திராட்சமும் முதுகில் ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று அச்சடித்த டீ-சர்ட்டுமாக நின்றுகொண்டிருந்தபோது வந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். 6 வருஷமாக ஓர் உழவாரப் பணிக் குழுவோடு, அதாவது கோயில்களைச் சுத்தம் செய்கிற குழுவோடு, போய்வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரம், கடலூர் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத சின்னச் சிவன் கோயிலாகப் பார்த்து வேன் பிடித்துப் போவோம். பிராகாரத்து நெருஞ்சியை வெட்டுவோம், மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவோம், விளக்கு மாடத்தில் வருஷக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அரிசி மாவு போட்டுச் சுரண்டுவோம், பூஜைப் பாத்திரங்களை விளக்குவோம். மதியம் பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம். வேலை தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் யாராவது, தேவாரம் பாடிய, உழவாரத்தைக் கையில் ஏந்திய அப்பரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அந்த ‘யாராவது’ முதல் வருஷம் வேறு வேறு ஆட்களாக இருந்தார்கள், அப்புறம் எப்படியோ நான் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. ‘எப்படியோ’ என்று எழுதுவது பொய். மைக் வைத்த மேசைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன்.

அன்றைக்குப் பேசியது பல்லக்குக் கதை. திருப்பூந்துருத்தியில் அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருக்கிறார். அவரைப் பார்க்க, தேவாரம் பாடிய இன்னொருவரான சம்பந்தர் முத்துப் பல்லக்கில் வருகிறார். எதிர்கொண்டு போன அப்பர் யாருக்கும் தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து, பல்லக்குத் தூக்குகிறவர்களோடு தானும் ஒருவராகத் தோள் கொடுத்துவிடுகிறார். ஊர் நெருங்கியதும் சம்பந்தர் ‘அப்பர் எங்கே?’ என்று கேட்க, பல்லக்குக்கு அடியிலிருந்து பதில் வருகிறது, உங்கள் திருவடியைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கேதான் இருக்கிறேன் என்று. சம்பந்தர் பதறிப்போய்க் கீழே இறங்கி வணங்குகிறார். மேலே இருந்தவர் சிறு பிள்ளை, தோள் கொடுத்தவர் வயதில் எவ்வளவோ மூத்தவர். பெரியவர் யார், சிறியவர் யார் என்ற கணக்கே அந்த இடத்தில் செத்துப்போகிறது பாருங்கள் என்று குரலைக் கொஞ்சம் இறக்கி முடித்தேன். நல்ல கைதட்டல்.

இரண்டாவது வேன் தாமதமாக வந்தது. அதில் வந்த ஒரு தம்பி, 22, 23 வயது இருக்கும், குழுவுக்குப் புதுசு, கையில் ஒரு நோட்டோடு யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தான். என் முறை வந்தது. “ஐயா, நீங்க வயசானவங்க, வெயில்ல நிக்க வேணாம். வாசல்ல நிழலா உக்காந்து செருப்பு, பை எல்லாத்தையும் பாத்துக்கோங்க.”

சரிப்பா என்று சிரித்தேன். உள்ளே என்ன ஓடியது தெரியுமா? ‘நான் யாருன்னு இவனுக்குத் தெரியுமா?’ இதே சொற்கள், இதே வரிசையில். பல்லக்கு தூக்கிய கதையைச் சொல்லி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு 54 வயது, ‘வயசானவங்க’ என்றது வேறு தனியாகக் குத்தியது.

அரைமணி நேரம் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 60 ஜோடி இருக்கும். அப்பரை நினைக்கவில்லை, சிவனை நினைக்கவில்லை, அந்தத் தம்பியிடம் யாராவது போய் ‘டேய், அவர் யார் தெரியுமா’ என்று சொல்ல மாட்டார்களா என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கால் வலி உண்மையிலேயே இருந்த ஓர் அம்மா வந்து அந்த இடத்தைக் கேட்டார், நான் எழுந்து பாத்திரம் விளக்கும் இடத்துக்குப் போனேன்.

அங்கே அந்த ஊர்க்காரப் பாட்டி ஒருவர் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் தினமும் பெருக்கிக் கோலம் போடுகிறவராம். நானும் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறிய செம்பு. வாய் சும்மா இருக்குமா? பாட்டியிடம் ஆரம்பித்துவிட்டேன். “பாட்டி, சைவ சித்தாந்தத்துல இதே உவமைதான் சொல்லியிருக்கு. நெல்லுக்கு உமி மாதிரி, செம்புக்குக் களிம்பு மாதிரி, உயிருக்கு ஆணவம். நடுவுல வந்து ஒட்டுனது இல்ல, என்னைக்கு உயிரோ அன்னைக்கே அதுவும் கூட…” இப்படியே ஒரு ஐந்து நிமிஷம். கூடவே நான் இந்தக் குழுவில் எத்தனை வருஷமாக இருக்கிறேன், வகுப்பு எடுக்கிறவன் என்பதையும் நைஸாகச் சேர்த்துக்கொண்டேன்.

பாட்டி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நான் தேய்த்து வைத்த செம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி சாமி, அடியைத் தேய்க்காம வுட்டுட்டீங்களே” என்றார்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றி யோசித்தபோது, இத்தனை நாள் மேடையில் பேசிய விஷயத்தையே நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று பட்டது. நாம் எல்லோரும் இப்போது ‘ஈகோ’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது: செருக்கு, தருக்கு, இறுமாப்பு, அகந்தை, கர்வம், திமிர், தலைக்கனம். எல்லாமே ஏதோ ஒன்று வீங்கிப்போனதைச் சொல்கிற சொற்கள். சித்தாந்தம் சொல்லும் ஆணவம் இந்த வரிசையில் சேராது. அணு என்பதிலிருந்து வந்த சொல் அது. எங்கும் நிறைந்திருக்க வேண்டிய உயிரை அணு அளவாகச் சுருக்கிப் போடுவதால் ஆணவம். அகங்காரம் என்பது தனி, அது மனம், புத்தி, சித்தம் ஆகியவற்றோடு சேர்ந்த அந்தக்கரணம், மாயையிலிருந்து வந்த கருவி. ஆணவம் அதற்கெல்லாம் முந்தியது, மூலமலம், அதாவது உயிரை முதலில் பிடித்த அழுக்கு, என்றே அதற்குப் பெயர்.

அப்படியென்றால் ‘நான்தான் பெரியவன்’ என்பது மட்டும் ஆணவம் இல்லை. ‘எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சாதாரணமானவன்’ என்று கூனிக்குறுகி நிற்பதும், ‘என்னை யாருமே மதிக்கலை’ என்று மூலையில் உட்கார்ந்து மருகுவதும் அதே சுருக்கம்தான். அரைமணி நேரம் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வீங்கவில்லை, சுருங்கினேன். உலகமே அந்தத் தம்பி என்னிடம் சொன்ன ஒரு வாக்கியத்தின் அளவுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. வானம் இருந்தது, கோபுரம் இருந்தது, வேப்பமரக் காற்று இருந்தது, எதுவும் எனக்கு இல்லை.

இதைப் பற்றிச் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் எழுதிய ஒரு குறள் உண்டு, திருவருட்பயன் என்ற நூலில், இருள்மல நிலை என்ற அதிகாரத்தில்:

ஒருபொருளுங் காட்டாது இருளுருவங் காட்டும்
இருபொருளுங் காட்டாது இது.

சாதாரண இருட்டு இருக்கிறதே, அது மற்ற பொருள்களை மறைக்கும், ஆனால் ‘இங்கே இருட்டாக இருக்கிறது’ என்று தன்னையாவது காட்டும். ஆணவம் மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. நிறையத் தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன் இதை. மைக்கில்! தனக்குத் தானே தெரியாத ஒன்று என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, அது தன்னிடத்தில் தெரிந்திருக்காது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

உமாபதி சிவத்துக்கு இது எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்தால், அங்கேயும் ஒரு பல்லக்கு வருகிறது. அவர் தில்லை தீட்சிதர். கோயில் பூஜை முடிந்து பல்லக்கில் வீடு திரும்புவார், பகலிலேயே முன்னால் தீவட்டி பிடித்துப் போவார்கள், அது அவருக்குத் தரப்பட்ட மரியாதை. தெருத் திண்ணையில் மறைஞான சம்பந்தர் என்ற ஞானி (அப்பர் கதையில் வந்த சம்பந்தர் வேறு) உட்கார்ந்திருந்தாராம். இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, ‘பட்ட கட்டையில் பகல் குருடு போகிறது பார்’ என்றாராம். பட்ட கட்டை என்றால் செத்த மரம், பல்லக்கு. பட்டப்பகலில் தீவட்டி தேவைப்படுகிறவன் குருடன்தானே. அவ்வளவுதான், உமாபதி சிவம் பல்லக்கிலிருந்து குதித்து அவர் பின்னாலேயே போனார். சொந்த ஜனங்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கொற்றவன்குடியில் போய் இருந்தார். 14-ஆம் நூற்றாண்டுக் கதை. நடந்ததா என்று கேட்டால் மரபு அப்படிச் சொல்கிறது என்றுதான் சொல்ல முடியும், ஆனால் அந்தக் குறளைப் படிக்கிறபோது பல்லக்கில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது மாதிரிதான் எனக்கு இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தீவட்டி மரியாதையாகத் தெரியும், திண்ணையில் இருக்கிறவனுக்குத்தான் அது பகல் தீவட்டியாகத் தெரியும்.

அதே குரு பரம்பரையில் இன்னும் மேலே போனால் மெய்கண்டார், அருள்நந்தி சிவம். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சின்னப் பிள்ளையாக உட்கார்ந்து உபதேசம் செய்கிறார். அருள்நந்தி அவர் குடும்பத்துக்கே குலகுரு, ஆகமம் எல்லாம் கரைத்துக் குடித்தவர், சகலாகம பண்டிதர் என்று பெயர். தன்னுடைய மாணவர்களே அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்ற கடுப்பில் நேரே வந்து நின்று, ‘ஆணவத்தின் சொரூபம் எப்படி இருக்கும்?’ என்று கேட்டாராம். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவரையே விரலால் காட்டினாராம். பண்டிதர் காலில் விழுந்தார், சீடரானார்.

நான் கவனித்தது இதுதான். இந்தக் கதைகளில் எவரும் கண்ணை மூடி உட்கார்ந்து, உள்ளே துழாவித் தன் ஆணவத்தைத் தானே கண்டுபிடிக்கவில்லை. ஒரு பிள்ளையின் விரல், திண்ணையில் இருந்தவர் சொன்ன ஒரு வரி. வெளியிலிருந்துதான் வந்தது. அப்புறம் எனக்கு ஒரு பாட்டி.

இதனால்தான் ‘ஈகோவை விடுவது எப்படி’ என்று வருகிற வீடியோக்கள்மேல் எனக்குச் சந்தேகம். காலையில் எழுந்து இதைச் செய், இரவு படுக்கும்முன் அதை எழுது, 40 நாளில் கரைந்துவிடும். யார் செய்கிறார்கள் அதை? செய்துவிட்டு, கரைந்துவிட்டது என்று டிக் போடுவது யார்? ரமணர் இதற்கு ஒரு உவமை சொல்வார், திருடனே போலீஸ் வேஷம் போட்டுக்கொண்டு திருடனைத் தேடிப் போகிற மாதிரி என்று. தேடுவான், நன்றாகவே தேடுவான், ஊரெல்லாம் விசாரிப்பான், ஆள் மட்டும் கிடைக்க மாட்டான். அவர் சொன்ன வழி வேறு, இந்த ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று அதையே திரும்பிப் பார்ப்பது. அதற்கு அவர் சொன்ன கல்யாண வீட்டுக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்தில் யாரோ ஒருவன் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளைக்கு வேண்டியவன்போலவும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணுக்கு வேண்டியவன்போலவும் அதிகாரம் பண்ணிக்கொண்டு, பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டு திரிகிறான். இரண்டு பக்கமும் சேர்ந்து ‘யாருப்பா இவர்?’ என்று விசாரிக்க ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறான். எனக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும். மைக் மேசைக்குப் பக்கத்தில் நிற்பான்.

சரி, நானும் சும்மா இருக்கவில்லை, அடுத்த மாதம் ஒரு பரிசோதனை செய்தேன். பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை, பின் வரிசையில் போய் நின்றுகொண்டேன். வேறு ஓர் ஐயா பேசினார், சுமாராகத்தான் பேசினார் (பாருங்கள், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை). வேலை நடந்தது, சாப்பிட்டோம், வேன் ஏறினோம். ‘ஏன் ஐயா இன்னைக்குப் பேசலை?’ என்று யாராவது கேட்பார்கள், ‘போதும், மத்தவங்களும் பேசட்டுமே’ என்று சொல்லலாம் என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். திண்டிவனம் தாண்டியும் யாரும் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. விட்டுவிட்டேன் என்று நினைத்தது மைக்கை மட்டும்தான். விட்டவன் நான் என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒருவன் காத்துக்கொண்டே இருந்தான்.

அதற்கு முந்தின மாதம் தேய்த்த செம்பையும், தேய்ப்பதற்கு முன், தேய்த்த பின் என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். திருப்புகலூரில் அப்பர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்தபோது, அவர் அதைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்பார்கள். நான் 31 பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

டீ-சர்ட்டில் இருக்கும் வரியைப் பற்றியும் ஒன்று. அது அப்பரின் திருக்கடம்பூர்ப் பதிகத்தில் வருவது. தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே. ‘நிற்பதே’ என்று சொல்லவில்லை, ‘வாழ்வதே’ என்று சொல்லவில்லை, ‘கிடப்பதே’ என்கிறார். கல் கிடக்கிற மாதிரி, விறகு கிடக்கிற மாதிரி. கிடக்கிற பொருளை யாரும் வந்து நலம் விசாரிக்க மாட்டார்கள். இவ்வளவு வருஷம் முதுகில் சுமந்துகொண்டு அலைந்தும் முதுகில் இருந்ததால்தானோ என்னவோ நான் இதைப் படிக்கவில்லை. (அந்த வரிக்குக் கீழே உபயதாரரின் கடைப் பெயரும் போன் நம்பரும் இருக்கிறது, நம்பர் வரியைவிடக் கொஞ்சம் பெரிசு.)

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியதைத் தப்பாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெளியிலிருந்துதான் தெரியும் என்றேன். அதை வைத்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்து ‘உனக்கு ஈகோ’ என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். ஆபீசில் சம்பளம் ஏன் ஏறவில்லை என்று கேட்கிற ஆளிடம் சொல்வார்கள், ‘முதல்ல ஈகோவை விடுங்க’ என்று. வீட்டில் எதிர்த்துக் கேள்வி கேட்கிற மருமகளிடம் சொல்வார்கள். ஆசிரமங்களில் கணக்குக் கேட்கிறவரிடம் சொல்வார்கள், அங்கே இன்னும் இனிப்பாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர் வேண்டுவது உங்கள் ஆணவம் போவதை அல்ல, நீங்கள் வாயை மூடுவதை. மறைஞான சம்பந்தர் திண்ணையில் இருந்துதான் அந்த வரியைச் சொன்னார், இன்னொரு பல்லக்கில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. பாட்டிக்கு என்னிடமிருந்து ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை, அவருக்குச் செம்பு சுத்தமாக வேண்டும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கடைசி வரைக்கும் இது போகவே போகாதா என்று கேட்டால், சித்தாந்தம் சொல்வது கொஞ்சம் விசித்திரமான பதில். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்குமா என்று. இப்போது இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அழித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று கத்தியோடு கிளம்ப வேண்டியதில்லை. நாமே தேய்த்துத் தீர்க்க முடிகிற களிம்பும் இல்லை அது, செம்பைப் பொன்னாக்குகிற ரசகுளிகை வந்து பட்டால்தான் போகும், அந்தக் குளிகை அருள் என்கிறார்கள். அதுவரைக்கும்? அதுவரைக்கும் புளியும் கையும்தான்.

வருகிற ஞாயிறு அதே கோயிலுக்குப் போகிறோம். ஒரு வருஷம் ஆகிவிட்டது, அந்தச் செம்பு திரும்பப் பச்சையாகத்தான் இருக்கும். நேற்று கடைக்குப் போய் அரைக் கிலோ பழைய புளி வாங்கிவந்தேன். வீட்டில் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, இந்த வாட்டி மைக்கா, பாத்திரமா?” என்றாள்.

“பாத்திரம்தான்” என்றேன், கொஞ்சம் அமைதியாக, கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டு.

பாட்டி கதை அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமா, என் தம்பிக்குத் தெரியும், ஆபீசில் 4 பேருக்குத் தெரியும், சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னாலும் கேட்கிறவர்கள் ‘எவ்வளவு வெளிப்படையா சொல்றீங்க!’ என்பார்கள், எனக்கு உள்ளே குளிர்ந்துபோகும். இப்போது உங்களிடமும் சொல்லியாகிவிட்டது.

அவள் புளியைத் திரும்பப் பையில் போட்டுச் சுருட்டிக் கையில் கொடுத்தாள்.

“சரி, அடியையும் தேய்ங்க.”